அண்ணி எடுத்த ஆரத்தி

என் அண்ணி அந்தத் தட்டைக் கையில் வாங்கியிருக்கவே கூடாது என்று எங்கள் தோட்டத்தில் இன்றைக்கும் சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். அவளாக வாங்கவில்லை, அவள் கையில் திணித்தார்கள். திணித்தது வேறு யாருமில்லை, என் அம்மா.

லுணுகலைக்கு மேலே இருக்கிறது எங்கள் தேயிலைத் தோட்டம். கோயிலிலிருந்து எங்கள் வீடுகள் வரிசையாக இருக்கிற லயம் வரைக்கும் பாதைக்குக் கொங்கிரீட் போட்டிருந்தார்கள். அதைத் திறந்து வைக்க பிரதேச சபை மெம்பர் வருவதாக ஏற்பாடு. பாதையை எப்படித் திறப்பது என்று கேட்காதீர்கள். ரிப்பன் ஒன்றைக் குறுக்கே கட்டி வெட்டினால் திறந்துவிடுமாம். அதற்கு முந்தின நாள் வரைக்கும் நாங்கள் அதில்தான் நடந்துகொண்டிருந்தோம்.

பெரிய ஆட்கள் வந்தால் மூன்று பெண்கள் நின்று ஆரத்தி எடுப்பது வழக்கம். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்புத் தண்ணீர், மேலே வெற்றிலையில் எரிகிற கற்பூரம். எடுக்கிறவள் புருஷன் உள்ளவளாக இருக்க வேண்டும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை, பிறந்ததிலிருந்து தெரிந்திருக்கும். அன்றைக்கு அந்த மூன்று பேரில் ஒருத்தி காலையிலேயே வீட்டுக்குத் தூரமாகிவிட்டாள். வாகனங்கள் கோயில் வளைவுக்கு வந்துவிட்ட சத்தம் கேட்டது. தோட்டத்துச் சங்கத் தலைவர் மூன்றாவது தட்டை வைத்துக்கொண்டு யாரிடம் கொடுப்பது என்று கூட்டத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அண்ணி எல்லாருக்கும் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

என் அண்ணன் கொழும்புக்கு வேலைக்குப் போனவன். கொரோனாவுக்கு முந்தின வருஷத்தோடு அவனிடமிருந்து போன் வருவது நின்றுபோயிற்று. பொலிஸில் சொன்னோம், வேலை செய்த கடையில் விசாரித்தோம், ஒரு தகவலும் இல்லை. அண்ணி பொட்டு வைத்துக்கொண்டுதான் கொழுந்து பறிக்க மலைக்குப் போனாள், தாலியும் கழுத்தில்தான் கிடந்தது. ஆனாலும் நல்ல காரியங்களில் முன்னால் வந்து நிற்கமாட்டாள். கலியாண வீட்டுக்குப் போனால் நேரே பின்பக்கம் போய் வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிடுவாள். யாரும் அவளைத் தள்ளி வைக்கவில்லை, யாரும் முன்னால் வா என்று கூப்பிடவும் இல்லை. அப்படியே ஆறு வருஷம் போய்விட்டது.

அம்மாவுக்கு அதுதான் பொறுக்கமாட்டாத விஷயம். மருமகள் பின்னால் நிற்கிற ஒவ்வொரு தடவையும் மகன் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருப்பதாக அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தலைவரின் கையிலிருந்த தட்டைப் பிடுங்காத குறையாக வாங்கி, அண்ணியை முன்னால் இழுத்தாள்.

"எம் மகன் உசுரோட இருக்கான். நீ எடு."

அண்ணி என்னைப் பார்த்தாள். எனக்கும் அந்த நேரத்தில் அவள் எடுத்தால் நல்லது என்றுதான் இருந்தது. தலையை ஆட்டினேன்.

மெம்பர் காதில் போனை வைத்தபடியே இறங்கினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. முதல் இரண்டு பேரும் சுற்றி முடித்தார்கள். அண்ணி சுற்றும்போது அவர் போனில் யாருக்கோ கோபமாக எதையோ சொல்லிக்கொண்டே சட்டென்று திரும்பினார். முழங்கை தட்டில் பட்டு வேட்டியில் சிவப்புத் தண்ணீர் சிந்தியது. அவர் குனிந்து பார்த்தார். பிறகு புறங்கையால் தட்டை ஓங்கித் தட்டிவிட்டார்.

"மூதேவி, கண்ணு தெரியலயா?"

மிச்சத் தண்ணீர் அண்ணியின் நெஞ்சிலும் கழுத்திலும் கொட்டியது. தட்டு புதுக் கொங்கிரீட்டில் உருண்டு இறக்கத்தில் போய்க்கொண்டே இருந்தது. அத்தனை பேரும் அந்தத் தட்டைத்தான் பார்த்தார்கள், அண்ணியைப் பார்க்கப் பயந்து. கற்பூரம் தண்ணீரில் அணைந்து கிடந்தது. பக்கத்தில் நின்ற ஒரு அக்கா, நல்லதுக்கில்லை என்று மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது.

என் முதலாளியும் அங்கே இருந்தார். பதுளைக் கடைவீதியில் அச்சகம் வைத்து ஒரு வாரப் பத்திரிகை நடத்துகிறவர். நான் அங்கே பக்கம் வடிவமைக்கிறேன். அன்று காலை அவருடைய காரில்தான் நானும் வீட்டுக்கு வந்திருந்தேன். மெம்பரின் கை ஓங்கிய நேரத்தில் முதலாளியின் போன் கெமரா தயாராக இருந்தது. அதைவிட முக்கியமான இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிறகு கூட்டம் தொடங்கியபோது முதலாளிக்கு இரண்டாவது வரிசையில், பாதை போட்ட கொந்தராத்துக்காரருக்குப் பின்னால்தான் நாற்காலி கிடைத்தது. பொன்னாடை போர்த்தும்போதும் அவருடைய பெயரைக் கூப்பிடவில்லை. அவருடைய பிடரி சிவப்பதைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் ஒரு நாற்காலி போட்டிருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது என்பது என் கட்சி.

அந்த வாரம் அந்தப் படம்தான் முதற்பக்கம். பக்கத்தைச் செய்ய உட்கார்ந்தவள் நான். அண்ணியின் முகத்தை வெட்டிவிடுங்கள் என்று கேட்டேன். முதலாளி உடனே ஒத்துக்கொண்டார். முகம் தேவையில்லை, கை போதும் என்றார். நல்ல மனுசன் என்று அன்றைக்கு நினைத்தேன். ஒரு பெண்ணின் கை, காற்றில் சாய்ந்த தட்டு, ஓங்கிய இன்னொரு கை, திறந்த வாய். கீழே, தோட்டப் பெண்ணுக்கு மெம்பர் செய்த அவமதிப்பு என்று கொட்டை எழுத்து. பத்திரிகை கடைக்குப் போன அன்றே தீர்ந்துவிட்டது.

மெம்பர் சத்தம் போடுவார் என்று நினைத்தோம். அவர் சத்தமே போடவில்லை. பதுளையில் ஒரு மண்டபத்தில் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, பேஸ்புக்கில் நேரடியாகப் போட்டு, அவசரமில்லாமல் பேசினார். தனக்கும் அக்கா தங்கச்சி இருப்பதாகவும், கை தவறுதலாகப் பட்டதாகவும் சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். மங்களமான ஒரு நிகழ்ச்சியில் புருஷன் இல்லாத பெண்ணை ஆரத்தி எடுக்க வைத்தது யார் என்று கேட்டார். அந்தப் பெண்ணின் நாத்தனார் இந்தப் பத்திரிகை முதலாளியிடம்தான் வேலை செய்கிறாள், அன்று காலை அவருடைய காரில்தான் வந்து இறங்கினாள், படமெடுக்க முன்கூட்டியே கெமராவோடு அவர் தயாராக இருந்தார் என்று ஒவ்வொன்றாக அடுக்கினார். தேர்தலில் நிற்கப்போகிற தனக்கு வேண்டுமென்றே அபசகுனம் செய்திருக்கிறார்கள், இவ்வளவு கீழ்த்தரமான நடத்தைக்கு முதலாளி பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று முடித்தார்.

அச்சகத்தில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சொன்னதில் பாதி உண்மை. அதனால்தான் பொய் நன்றாக ஒட்டிக்கொண்டது.

முதலாளி மறுநாளே பதில் வீடியோ போட்டார். அவமானப்பட்ட பெண்ணைப் பற்றி ஒரு வரி சொன்னார். மிச்ச நேரமெல்லாம் தன்னுடைய பரம்பரையைப் பற்றியும், பத்திரிகையின் நேர்மையைப் பற்றியும், தன்னைக் கீழ்த்தரமானவன் என்று சொன்ன வாயைப் பற்றியும் பேசினார். கடைசியில் மேசையில் ஒரு தட்டுத் தட்டி, அந்தப் பெண்ணின் கணவர் உயிரோடு இருக்கிறார், நான் நிரூபிக்கிறேன், நிரூபித்தால் மெம்பர் பதவியை விடத் தயாரா என்று கேட்டார். மெம்பரும் சளைக்கவில்லை. நிரூபித்தால் தான் விலகுவதாகவும், முடியாவிட்டால் முதலாளி பத்திரிகையை இழுத்து மூட வேண்டும் என்றும் அறிவித்தார். ஒருவர் பதவியையும் விடவில்லை, மற்றவர் பத்திரிகையையும் மூடவில்லை. இரண்டு பேரும் தாங்கள்தான் வென்றோம் என்று இன்றைக்கும் சொல்லித் திரிகிறார்கள். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், அதைத் தெரிந்துகொள்ள யாரும் கடைசி வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அண்ணன் உயிரோடு இருப்பது உங்களுக்கு எப்படித் தெரியும் சேர் என்று முதலாளியிடம் கேட்டேன். உங்க அம்மாதானே சொன்னாங்க, மகள் என்றார். என் அம்மா சொன்னது ஒரு தாயின் வாய்ச்சொல். அதை வைத்து இந்த மனிதர் ஊர் நடுவில் பந்தயம் கட்டியிருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று பகல் சாப்பிடவில்லை. பதுளை பஸ் ஸ்டாண்டில் தேத்தண்ணி குடிக்கிறவர்கள்கூட இருக்கிறானா செத்தானா என்று பேசிக்கொண்டார்கள். அவர்கள் பேசியது என் கூடப்பிறந்தவனைப் பற்றி.

தோட்டத்தில் யாரும் அண்ணியை ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது. முன்பு அவளே ஒதுங்கி நிற்பாள். இப்போது அவள் வந்தால் மற்றவர்கள் ஒதுங்கினார்கள். பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால் குடத்தை நகர்த்தி முதலில் பிடி என்று இடம் விட்டார்கள், அவள் போனபிறகுதான் பேச்சைத் தொடர்ந்தார்கள். பக்கத்து வீட்டுக் காம்பராவில் பிள்ளைக்குக் காது குத்தினார்கள், சோறு வீட்டுக்கு வந்தது, அழைப்பு வரவில்லை. கடைசி லயத்துக்குப் பின்னால் மழைக்கு மண் சரிந்தது. வருஷா வருஷம் சரிகிற இடம்தான். இந்த வருஷம் மட்டும் அதற்குக் காரணம் வேறாக இருந்தது. அண்ணி பொட்டைக் கொஞ்சம் பெரிதாக வைக்க ஆரம்பித்தாள்.

நடுவில் ஒரு நாள் டபுள் கெப் வாகனம் ஒன்று லயத்தடிக்கு வந்தது. மெம்பரின் ஆட்கள். மரியாதையாகத்தான் பேசினார்களாம். அம்மாவிடம் சுகம் விசாரித்து, மகனுடைய முழுப் பெயர், பிறந்த ஊர் எல்லாம் கேட்டு, சரிங்கம்மா என்று கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். தேடித்தரப் போகிறார்கள் என்று அம்மா நினைத்தாள். போன வருஷம் மெம்பரின் ஆபீசுக்குப் போய், என் மகனைக் கண்டுபிடித்துத் தாருங்கள் என்று அழுது, அவனுடைய சின்னப் படம் ஒன்றையும் கொடுத்துவிட்டு வந்தவள் அவள். இத்தனை நாள் கழித்தாவது ஞாபகம் வந்ததே என்று எனக்குப் போன் பண்ணிச் சந்தோஷப்பட்டாள். பிறந்த ஊரை எதற்குக் கேட்டார்கள் என்று நான் அவளிடம் திருப்பிக் கேட்டேன்.

அடுத்த சனிக்கிழமை பின்னேரம் நான் பஸ்ஸால் இறங்கியபோது, தோட்டத்துக்கு ஏறுகிற வளைவிலிருந்து வெள்ளைக் கொடி கட்டியிருந்தது. எங்கள் பக்கத்தில் சாவு விழுந்தால் ரோட்டிலிருந்து அந்த வீடு வரைக்கும் இரண்டு பக்கமும் கயிற்றில் வெள்ளைக் கொடி கட்டுவார்கள். யாராக இருக்கும் என்று ஒவ்வொரு முகமாக நினைத்துக்கொண்டே நடந்தேன். மூடுபனி இறங்கியிருந்தது, பத்தடிக்கு முன்னால் ஒன்றும் தெரியவில்லை. கொடி கோயிலைத் தாண்டியது. புதுக் கொங்கிரீட் பாதையில் திரும்பியது. எங்கள் லயத்துக்கு வந்தது. அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று ஓடினேன்.

எங்கள் வாசல் இஸ்தோப்புக்கு எதிரே பெரிய பெனர் தொங்கியது. கண்ணீர் அஞ்சலி. நடுவில் என் அண்ணன். சட்டைக் கொலர் ஒரு பக்கம் மடிந்த அந்தப் படம், அம்மா மெம்பர் ஆபீசில் கொடுத்த அதே படம். பெயர் சரி, பிறந்த ஊர் சரி. மறைந்த நாள் என்று போட்டு அந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்தார்கள். துயருறும் தோட்ட மக்கள் என்று கீழே இருந்தது. தோட்ட மக்கள் அவரவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவரும் அதைக் கழற்றவில்லை.

அம்மா கழற்றுவதற்கு முன்னால் யாரோ அதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலை பூனாகலைப் பக்கமிருந்து பெரியம்மாவும் சொந்தக்காரப் பெண்களும் பஸ் மாறி மாறி வந்து இறங்கினார்கள். வளைவிலேயே ஒப்பாரி தொடங்கிவிட்டது. துக்க வீட்டுக்கு வருகிற பெண்கள் தாலி இழந்தவளைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும், அவளும் சேர்ந்து அழ வேண்டும். அவர்கள் வந்த வேகத்தில் அண்ணியைக் கட்டிக்கொண்டார்கள். அண்ணி கை இரண்டையும் தொங்கவிட்டபடி நின்றாள். அழுதால் புருஷன் செத்தான் என்று ஆகிவிடும். அழாவிட்டால் வந்தவர்களுக்கு மரியாதை இல்லை. அவள் என்ன செய்வாள்? அம்மா ஓடிவந்து பெரியம்மாவைப் பிடித்து இழுத்து, எம் மகன் சாகலை, சாகலை என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒப்பாரி பாதியில் நின்றது. எல்லாரும் மூக்கைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். நான் தேத்தண்ணி ஊற்றினேன்.

போகும்போது பெரியம்மா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பக்குவமாகத்தான் சொன்னாள். இத்தனை வருஷமாச்சு, எதுக்கும் ஒரு காரியத்தைப் பண்ணி விட்டுருங்க, அந்தப் புள்ளைக்கும் ஒரு முடிவு தெரியும். அவள் கெட்டவள் இல்லை. அதனால்தான் அந்தப் பேச்சு எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு போகவே மாட்டேன் என்றது. பொலிஸுக்கும் போனோம். முறைப்பாட்டை எழுதிய ஐயா, மகன் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டார். தெரியாதுங்க என்றேன். அப்படியானால் அந்த பெனர் பொய் என்று எப்படி எழுதுவது என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

முதலாளிக்கு அது கொண்டாட்டம். உயிரோடிருப்பவருக்குக் கண்ணீர் அஞ்சலி என்று அந்த வார முதற்பக்கத்தில் அண்ணனின் முகத்தை அரைப் பக்கத்துக்குப் போட்டார். நான் செய்யமாட்டேன் என்று எழுந்துவிட்டேன், வேறு ஆள் செய்தான். அந்தப் பக்கத்தைப் பேஸ்புக்கில் பார்த்துவிட்டு மொனராகலையிலிருந்து ஒரு கடைக்காரர் போன் பண்ணினார். இந்த முகம் தனக்குத் தெரியும், கரும்புக் காணியில் டிரக்டர் ஓட்டுகிறவர், சாமான் வாங்க வருவார் என்றார்.

முதலாளி அன்றே காரை எடுத்தார். பசறையைத் தாண்டி இறங்க இறங்கக் குளிர் விட்டுப்போய் வெயில் ஏறியது. அவர் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு ஓட்டினார். நான் வழியெல்லாம் அது வேறு யாராவதாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு போனேன். இத்தனை வருஷம் எந்தக் கோயிலில் எதைக் கேட்டேனோ, அதற்கு நேர்மாறாகக் கேட்டேன். கிடைத்துவிடுவான் என்று என் மனதுக்குத் தெரிந்திருந்தது, கிடைத்தால் என்ன ஆகும் என்பதும் தெரிந்திருந்தது.

தகரக் கூரை போட்ட சின்ன வீடு. முற்றத்தில் டிரக்டர் நின்றது. அதன் பக்கத்தில் குந்தியிருந்தவன் என் அண்ணன்தான். சதை போட்டிருந்தான். என்னைக் கண்டதும் முதலில் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான், அம்மா வந்திருக்கிறாளா என்று. உள்ளேயிருந்து ஒரு சிங்களப் பெண் இடுப்பில் பிள்ளையோடு வந்தாள். இன்னொரு பிள்ளை வாசற்படியில் இருந்து எங்களைப் பார்த்தது, அச்சு அசல் என் அம்மாவின் நெற்றி. யார் என்று அவள் கேட்டதற்கு, ஊர்ப்பக்கத்து ஆட்கள் என்று அண்ணன் சிங்களத்தில் சொன்னான். தங்கச்சி என்று சொல்லவில்லை. அவள் சிரித்த முகத்தோடு குடிக்கச் சாயத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். அவள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை, அதுவும் ஒரு கஷ்டமாக இருந்தது.

பெனரை அவனும் போனில் பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டுச் சும்மா இருந்திருக்கிறான்.

"அது அப்படியே இருந்துட்டுப் போகட்டும் பாப்பா. செத்தவனாவே வச்சுக்கங்க."

அண்ணி என்று ஆரம்பித்தேன். அவன் டயரில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டினான். அவ நல்லவ, அதுக்கு இப்ப என்ன பண்ணச் சொல்ற என்றான். ஓங்கி ஒன்று விட வேண்டும் போல இருந்தது. இந்த நேரத்தில் முதலாளி அன்பாக அவன் தோளைத் தட்டி, எங்கள் பத்திரிகையைக் கையில் கொடுத்து, வாசற்படியிலிருந்த மூத்த பிள்ளையையும் கூப்பிட்டு அவன் மடியில் உட்காரவைத்தார். அவன் பத்திரிகையைப் பார்க்கக் குனிந்தபோது படமெடுத்துக்கொண்டார். அண்ணனுக்கு அது விளங்கவே இல்லை.

திரும்பி வரும்போது, இதைப் போடாதீர்கள் சேர் என்று கெஞ்சினேன். அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். மகள், உங்க அண்ணிக்கு நாம நல்லதுதானே செய்றோம், தாலிக்கு உரியவன் இருக்கான்னு காட்டுறோம், இனி யார் அவங்களை மூலையில நிக்கச் சொல்லுவாங்க என்றார். பிள்ளையையாவது வெட்டிவிடுங்கள் என்றேன். பிள்ளையை வெட்டினா கையில இருக்கிற பத்திரிகையும் போயிரும், பழைய படம்னு மெம்பர் சொல்லிருவான் என்றார். பத்திரிகை வருகிற அன்று தானே தோட்டத்துக்குக் கொண்டுவந்து, அண்ணி அதைக் கையில் வைத்திருப்பதையும் வீடியோ எடுக்கப்போவதாகச் சொன்னார்.

பத்திரிகை வருவதற்கு முந்தின நாள் வீட்டுக்குப் போனேன். அம்மாவிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. அண்ணி பீலிக்கரையில் துணி அலசிக்கொண்டிருந்தாள், பக்கத்தில் வேறு யாரும் இல்லை. கல்லில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் அலசுவதை நிறுத்தவில்லை. நல்லா இருக்காரா என்று கேட்டாள். இருக்கார் என்றேன். எத்தனை பிள்ளைங்க என்றாள். ரெண்டு என்றேன். பெரிசுக்கு என்ன வயசு இருக்கும் என்று கேட்டாள். பள்ளிக்கூடம் போற வயசு, ரெண்டாம் வகுப்பு இருக்கும் என்றேன்.

அவள் கை நின்றது. மனதுக்குள் கணக்குப் பார்க்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. அண்ணன் தினமும் போனில் பேசிக்கொண்டிருந்த காலத்திலேயே அந்தப் பிள்ளை பிறந்துவிட்டது. பிறகு மிச்சத் துணியையும் அலசிப் பிழிந்து வாளியில் போட்டாள். பேப்பர் எப்ப வரும் பாப்பா என்றாள். நாளைக்குக் காலையில என்றேன். தலையை ஆட்டிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள்.

காலையில் முதலாளி ஒரு கட்டுப் பத்திரிகையோடு வந்து இறங்கினார். கொங்கிரீட் பாதையில் நின்று எல்லாருக்கும் கொடுத்தார். தலைவர் சத்தமாக வாசித்தார். சனம் கூடிவிட்டது. அத்தனை நாள் ஒதுங்கிப் போனவர்கள் எல்லாம் இப்போது எங்கள் வாசலில் நெருக்கியடித்து நின்றார்கள். அம்மா பத்திரிகையை வாங்கி மகனின் முகத்தைத் தடவினாள், முத்தமிட்டாள், அழுதாள். மடியிலிருந்த பிள்ளையையும் பார்த்தாள். அது யாருடைய பிள்ளை என்று அவள் கேட்கவில்லை. கேட்காமலே விளங்கியதா, விளங்கவே இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. உன் புருஷனை வந்து பாருடி என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். முதலாளி போனைத் தூக்கிப் பிடித்துத் தயாராக நின்றார்.

அண்ணி வந்தாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றியிருந்தாள், முடி ஈரமாக முதுகில் கிடந்தது. நெற்றியில் ஒன்றும் இல்லை. கழுத்தில் ஒன்றும் இல்லை. கையில் வளையல் இல்லை. அதையெல்லாம் மற்றப் பெண்கள் சேர்ந்துதான் செய்வார்கள், ஒருத்தி தனக்குத்தானே செய்துகொண்டதை எங்கள் தோட்டம் அதுவரை கண்டதில்லை. முன்னால் நின்றவர்கள் பின்னால் நகர்ந்தார்கள். தலைவர் வாசிப்பதை நிறுத்தினார்.

அம்மா பத்திரிகையை அவள் முகத்துக்கு நேரே நீட்டி, கண்ணைத் திறந்து பார், இருக்கான்டி, இருக்கான்டி என்று கத்தினாள். அண்ணி அதை வாங்கி, படத்தை அவசரமில்லாமல் பார்த்து, மடித்துத் திரும்ப அம்மாவின் கையிலேயே வைத்தாள்.

"உங்க மகன் இருக்காரு அத்தை. எம் புருஷன் செத்துட்டாரு."

முதலாளிதான் முதலில் வாயைத் திறந்தார். ஒரே ஒரு படத்துக்கு மட்டும் பொட்டை வைத்துக்கொண்டு நில்லுங்கம்மா, இவ்வளவு பாடுபட்டது வீணாகிவிடும் என்றார். என் வாழ்க்கையில் நான் ஒரு பெரிய மனிதரைப் பார்த்து, போய்த் தொலையும் என்று சொன்னது அன்று ஒரு தடவைதான். அவர் அப்போதும் போகவில்லை, போனைக் கீழே இறக்கினார், அவ்வளவுதான்.

அண்ணி வாசல் நடுவில் தனியாக நின்றாள். தாலி இழந்தவளை அந்த நேரத்தில் தனியாக நிற்க விடக்கூடாது, அதுவும் எங்களுக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த ஒன்று. அன்று அவளோடு ஆரத்தி எடுத்த இரண்டு பெண்களும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவளைக் கட்டிப்பிடித்தார்கள். ஒருத்தி ஒப்பாரியைத் தொடங்கினாள். மற்றவள் எடுத்துக்கொண்டாள். இந்தத் தடவை அண்ணியின் கைகள் தொங்கவில்லை, அவர்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். பிறகு ஒவ்வொருவராக எல்லாப் பெண்களும் போனார்கள், நானும் போனேன்.

அம்மா இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தாள். பத்திரிகை மடியில் இருந்தது, மகன் அதில் குனிந்து பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அவனையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு பத்திரிகையைக் கவிழ்த்துக் கீழே வைத்தாள். எழுந்து முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து, என்னை விலக்கி, அண்ணியைக் கட்டிப்பிடித்து, உயிரோடு இருக்கிற தன் மகனுக்காக மார்பில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள்.